டீச்சர் பதில்கள்: பீஸ் வாங்காமல் எப்படிப் பள்ளி நடத்துவார்கள்?

“என் மகள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறாள். பேரனை இந்த வருடம் ‘சார்ட்டர் பள்ளி’ என்று ஒன்றில் சேர்த்திருக்கிறார்கள். குலுக்கலில் பெயர் விழுந்ததாம். நடத்துவது தனியார், ஆனால் ஒரு டாலர்கூட பீஸ் கிடையாது என்கிறாள். பீஸ் வாங்காமல் தனியார் எப்படிப் பள்ளி நடத்துவான்? இதில் ஏதும் வில்லங்கம் இருக்குமா? மகளிடம் கேட்டால் ‘அப்பா, நீங்க சும்மா இருங்க’ என்கிறாள்.”
– ஓய்வு பெற்ற தபால்காரர், வள்ளியூர்

அண்ணாச்சி, வில்லங்கம் ஒன்றும் இல்லை. வள்ளியூரில் பஸ் ஏறி பாளையங்கோட்டையில் இறங்குங்கள். பீஸ் வாங்காத தனியார் பள்ளிகளைத் தெருவுக்கு ஒன்றாகப் பார்க்கலாம். நாம் அவற்றை ‘அரசு உதவி பெறும் பள்ளி’ என்கிறோம். கட்டடமும் நிர்வாகமும் ஒரு சபையுடையதாகவோ, சங்கத்துடையதாகவோ, குடும்பத்துடையதாகவோ இருக்கும். வாத்தியார் சம்பளம் அரசு கொடுக்கும். 1854-இல் வெள்ளைக்காரர் காலத்துக் கல்வி அறிக்கையில் தொடங்கிய மானிய முறை அது. நானே முக்கூடல் பக்கம் அப்படி ஒரு தொடக்கப் பள்ளியில் 33 வருடம் வேலை பார்த்தவள். என் வேலை உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் தாளாளர், என் சம்பளம் வந்தது கருவூலத்திலிருந்து. ஆகவே தனியார் நடத்தும் பொதுப் பள்ளி என்பது நம் ஊருக்குப் புதுச் சரக்கு இல்லை.

ஆனால் அமெரிக்காக்காரர்கள் அதில் வேறொரு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். சார்ட்டர் என்றால் சாசனம். பள்ளி நடத்த விரும்புகிறவர்கள், பெரும்பாலும் லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு, அரசு அதிகாரம் கொடுத்த ஓர் அமைப்பிடம் ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார்கள். சாசனம் கொடுக்கும் இடம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஓரிடத்தில் உள்ளூர்க் கல்வி வாரியம், இன்னோரிடத்தில் பல்கலைக்கழகம், வேறோரிடத்தில் மாநிலக் கல்வித் துறை. இத்தனை வருடத்தில் பிள்ளைகளை இந்த அளவுக்குப் படிக்க வைப்போம், கணக்கு வழக்கு இப்படி வைத்திருப்போம் என்று அதில் எழுதியிருக்கும். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வருடம். கெடு முடிந்ததும் அலசிப் பார்ப்பார்கள். சொன்னபடி நடந்திருந்தால் நீட்டிப்பு, இல்லையென்றால் பள்ளியை மூடிவிடுவார்கள்.

பதிலுக்குப் பள்ளிக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. நேர அட்டவணை, பாடம் நடத்தும் விதம், யாரை வேலைக்கு எடுப்பது என்பதையெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மாநிலத் தேர்வை எல்லாப் பிள்ளைகளும் எழுத வேண்டும். மதம் போதிக்கக் கூடாது. நுழைவுத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுக்கவும் கூடாது. இடத்தைவிட விண்ணப்பம் கூடிப் போனால் குலுக்கல்தான். ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளையின் தம்பி தங்கைக்கு முன்னுரிமை கொடுக்கலாம். உங்கள் பேரனுக்கு ஒரு தங்கை இருந்தால் மகளிடம் சொல்லி வையுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்றுதானே கேட்டீர்கள்? வரிப் பணம்தான். இங்கே பிள்ளைகள் தலையை எண்ணி வாத்தியார் பணியிடம் தருவார்கள். அங்கே பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்று பணமே பள்ளிக்குப் போய்விடும். பிள்ளை விலகினால் பணமும் விலகும். இதில்தான் அங்கே பெரிய சண்டை. சார்ட்டர் பள்ளிக்குப் பிள்ளை போகப் போக, பக்கத்து அரசுப் பள்ளிக்கு வரவு குறைகிறது. அந்தப் பள்ளிக்கோ கட்டடச் செலவும் பஸ் செலவும் அப்படியே இருக்கும். இந்தக் கவலை நியாயமான கவலை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

முதல் சட்டம் 1991-இல் மினசோட்டா மாநிலத்தில் வந்தது. முதல் பள்ளி அடுத்த வருடமே அங்குள்ள செயின்ட் பால் நகரத்தில் திறந்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரிந்த பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவரத்தான் அதைத் தொடங்கினார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அந்தப் பள்ளியின் மேல் மரியாதை. இன்று நாடு முழுக்க சுமார் 8,000 சார்ட்டர் பள்ளிகள், 35 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள்.

படிப்பு எப்படி? பள்ளிக்குப் பள்ளி மாறும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மையம் ஒன்று 2009-இல் பார்த்தபோது, கணிதத்தில் 17 சதவீத சார்ட்டர் பள்ளிகள் அருகிலுள்ள பொதுப் பள்ளிகளைவிட மேலாகவும், 37 சதவீதம் மோசமாகவும் இருந்தன. மற்றவற்றில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதே மையம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையில், சராசரியாகப் பார்த்தால் வாசிப்பிலும் கணக்கிலும் சார்ட்டர் பிள்ளைகள் சற்று முன்னே வந்திருந்தார்கள். ஆனால் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வழியாகவே படிக்கும் சார்ட்டர் பள்ளிகள் மட்டும் ரொம்பப் பின்தங்கியிருந்தன. ஆகவே ‘சார்ட்டர்’ என்ற பெயரைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம், பூரித்துப் போகவும் வேண்டாம். அந்த ஒரு பள்ளி எப்படி என்று மட்டும் பாருங்கள்.

நீங்கள் சும்மா இருக்க வேண்டாம் அண்ணாச்சி. ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். பல மாநிலங்களில் பஸ் விடவேண்டிய கட்டாயம் இந்தப் பள்ளிகளுக்கு இல்லை. மதியச் சாப்பாடும் எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரி இருக்காது. அதையும் விசாரிக்கட்டும். முக்கியமாக, போன வருடம் ஜூன் மாதத்துக்குள் எத்தனை பிள்ளைகள் அந்தப் பள்ளியை விட்டுப் போனார்கள், ஏன் போனார்கள் என்று கேட்கட்டும். வாசலில் குலுக்கல் போட்டு எல்லாரையும் சேர்த்துவிட்டு, கஷ்டப்படுத்தும் பிள்ளையைப் பின்வாசல் வழியாக அனுப்புகிற பள்ளி எந்த நாட்டிலும் உண்டு.

“ஆலங்குளம் பக்கம் ஓர் உதவி பெறும் பள்ளியில் மகளை ஆறாம் வகுப்பில் சேர்த்தேன். இங்கிலீஷ் மீடியம். 6,000 ரூபாய் ‘கட்டட நிதி’ கேட்டார்கள், கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு ‘அப்புறம் வாங்கம்மா’ என்றார்கள். மூன்று மாதம் ஆகிறது. உதவி பெறும் பள்ளி என்றால் இலவசம் என்றுதானே சொல்கிறார்கள்?”
– ஒரு தாய்

ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்கக் கூடாது தாயி. பரவாயில்லை, இனிமேல் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு பள்ளி இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மானியம் பெறும் பிரிவு. அங்கே வாத்தியார் சம்பளம் அரசுடையது, கல்விக் கட்டணம் கிடையாது. இன்னொன்று சுயநிதிப் பிரிவு. அதற்கு மானியம் இல்லை, நிர்வாகமே சம்பளம் கொடுக்கும், பீஸ் வாங்கும். இங்கிலீஷ் மீடியம் வகுப்புகள் பல இடங்களில் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கின்றன. ஒரே யூனிபார்ம், ஒரே மணி, ஒரே வாசல் என்பதால் வெளியே நிற்கும் நமக்கு வித்தியாசம் தெரியாது. சேர்க்கும் அன்றைக்கே “என் பிள்ளை எந்தப் பிரிவு?” என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

சுயநிதிப் பிரிவு என்றாலும் வாய்க்கு வந்த தொகையைக் கேட்க முடியாது. 2009-ஆம் வருடச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு சொன்ன தொகைதான். அந்தத் தொகையைப் பள்ளியில் எழுதிப் போட்டிருக்க வேண்டும். ‘கட்டட நிதி’, ‘நன்கொடை’ என்ற பெயரில் சேர்க்கைக்குப் பணம் கேட்பதற்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை.

முதலில் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தேதி, தொகை, யாரிடம் கொடுத்தீர்கள் என்று மூன்றையும் எழுதி, ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதற்கே ரசீதோ பணமோ வந்துவிடும். வரவில்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு. கல்வித் துறையின் 14417 எண்ணுக்கும் பேசலாம். பிள்ளையைப் பழிவாங்கிவிடுவார்களோ என்று தாய்மார்கள் பயப்படுவது எனக்குத் தெரியும். அதே வகுப்பில் பணம் கொடுத்த இன்னும் நான்கு பேர் இருப்பார்கள். ஐந்து பேராகப் போங்கள்.

“பி.எட். முடித்திருக்கிறேன். சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊரில் நாங்கள் நண்பர்கள் சேர்ந்து அரசு மானியத்தோடு பீஸ் இல்லாத பள்ளி ஒன்று தொடங்க முடியுமா?”
– ஒரு வாசகர்

முடியாது தம்பி. 1991-92 கல்வியாண்டிலும் அதற்குப் பிறகும் தொடங்கிய பள்ளிகளுக்கு மானியம் கிடையாது என்று தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது. மினசோட்டாவில் அந்தக் கதவு திறந்த வருடமும் நம் ஊரில் இந்தக் கதவு சாத்திய வருடமும் ஏறக்குறைய ஒன்று என்பது எனக்கு எப்போதும் மனசில் நிற்கும். சாத்தியதற்குக் காரணமும் இருந்தது. மானியத்தை நம்பிப் பள்ளிகள் பெருகிக்கொண்டே போனால் அரசால் தாங்க முடியாது.

உங்கள் ஆசை வீணாக வேண்டாம். ஊரில் இருக்கும் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் போய் உட்காருங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் வாசிப்புச் சொல்லிக்கொடுங்கள். புதுப் பள்ளிக்குக் கட்டடம் கட்டும் காசில் பத்து வருடம் அதைச் செய்யலாம்.

“உதவி பெறும் பள்ளியில் படித்தால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சலுகை எல்லாம் கிடைக்குமா?”
– ப்ளஸ் ஒன் மாணவி, அம்பாசமுத்திரம்

பாடப்புத்தகம், சைக்கிள் எல்லாம் உண்டம்மா. ஆறாம் வகுப்பிலிருந்து நீ தமிழ் மீடியம்தான் என்றால், கல்லூரிக்குப் போனதும் மாதம் 1,000 ரூபாய் ‘புதுமைப்பெண்’ தொகையும் வரும். முதலில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் இருந்தது. 2024 டிசம்பர் 30-ஆம் தேதி தூத்துக்குடியில் வைத்து நம் பிள்ளைகளுக்கும் தொடங்கினார்கள்.

கிடைக்காதது ஒன்று இருக்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும்தான். 2020-இல் சட்டம் வந்த நாளிலிருந்து எனக்கு இது ஆறவில்லை. பீடி சுற்றுகிற அம்மாவின் மகள் எந்தக் காம்பவுண்டில் படித்தாலும் பீடி சுற்றுகிற அம்மாவின் மகள்தானே? நீ ‘நீட்’டுக்குப் படிக்கிறாய் என்றால் இந்த ஒதுக்கீட்டை நம்பாமல் படி. அப்பாவிடமும் இப்போதே சொல்லிவிடு. கவுன்சிலிங் அன்றைக்குத் தெரிந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

“மகன் நான்காம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை. ‘ப’வும் ‘ம’வும் மாறிப் போகிறது. கணக்கை வாயால் கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவான். ‘வேற பள்ளிக்கூடத்துல சேத்துருங்க, எங்க பேரு கெட்டுப்போகும்’ என்று பெரிய சார் சொல்லிவிட்டார். பீஸ் இல்லாத பள்ளி என்பதால் எதிர்த்துப் பேசத் தயக்கமாக இருக்கிறது.”
– மேலப்பாளையம் வாசகி

தயங்காதீர்கள். அந்தப் பள்ளி உங்களுக்குத் தர்மம் செய்யவில்லை. சோப்பு வாங்கும்போதும் பருப்பு வாங்கும்போதும் நீங்கள் கட்டுகிற வரியில்தான் அந்தப் பெரிய சாருக்குச் சம்பளம் வருகிறது. நானும் அந்தச் சம்பளத்தில் பிள்ளை வளர்த்தவள், அதனால் சொல்கிறேன்.

மகனுக்கு இருப்பது கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. அதில் இதுவும் ஒன்று. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் இப்படிப்பட்ட பிள்ளையைப் பாகுபாடு இல்லாமல் சேர்த்து, கூட உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மூலமாக மருத்துவ முகாமில் பரிசோதனை செய்து சான்று வாங்குங்கள். பின்னால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் வாங்க அது உதவும். வள்ளியூர் அண்ணாச்சி இதையும் படிக்கட்டும். அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளிகளுக்கும் இதே கடமை உண்டு. அந்த நாட்டுச் சட்டப்படி இப்படிப்பட்ட பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தனித்திட்டம் எழுதி, பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசவேண்டும்.

என்னிடம் ஒரு பையன் இருந்தான். மூன்றாம் வகுப்பு வரை தன் பெயரை எழுத மாட்டான். ஆனால் ரோட்டில் வரும் டவுன் பஸ்ஸைத் தூரத்திலேயே பார்த்து ‘பாப்பாக்குடி போறது’ என்று சரியாகச் சொல்வான். போர்டை வாசித்து இல்லை, பஸ்ஸின் முகத்தைப் பார்த்து. ஆற்று மணலைச் சலித்து ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தில் பரப்பினேன். ஆள்காட்டி விரலைப் பிடித்து ‘ப’ போடச் சொன்னேன். கோடு கீழே இறங்கி, தரையில் நடந்து, மேலே ஏறி நிற்கும். அவ்வளவுதான் ‘ப’. ‘ம’வுக்கு ஏறின கோடு நிற்காது, உள்பக்கமாக வளைந்துகொள்ளும். “அது வீட்டுக்குள்ள திரும்பிப் போகுது டீச்சர்” என்று அவனே சொன்னான். அதற்கப்புறம் அந்த இரண்டு எழுத்தும் அவனுக்கு மாறவே இல்லை. பெயரை முழுசாக எழுத எட்டு மாதம் ஆயிற்று. உங்கள் மகனுக்கும் ஒரு தாம்பாளம் மணல் எடுத்து வையுங்கள். தினமும் கால் மணி நேரம் போதும். திட்டாதீர்கள்.

பள்ளியை மாற்ற வேண்டாம். பெரிய சாரிடம் அவர் சொன்னதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்.

“களக்காடு பக்கம் எங்கள் ஊர் உதவி பெறும் பள்ளிக்கு நூறு வயசு ஆகிறது. எங்கள் ஆச்சி படித்த பள்ளி. இப்போது 14 பிள்ளைகள்தான். மூடிவிடுவார்களா?”
– ஒரு முன்னாள் மாணவர்

சார்ட்டர் பள்ளிக்குத் தேதி போட்டு முடிவு வரும். நம் பள்ளிகளுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு வாத்தியாராகக் குறைந்து, ஓடு சரிந்து, ஒரு ஜூன் மாதம் திறக்காமலே போகும். யாரும் மூடியதாகக் கணக்கில்கூட இருக்காது. அதனால் கேட்கிறேன், உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறது? உங்கள் தெருவில் மற்றவர்கள் பிள்ளைகளை ஏற்றிப் போக எத்தனை வேன் வருகிறது? கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள்.

ஆகஸ்ட் முதல் தேதி பதிவேட்டில் உள்ள பிள்ளைகளை எண்ணித்தான் வாத்தியார் பணியிடத்தை நிர்ணயம் செய்வார்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளை வரை இரண்டு வாத்தியார், 61 என்றால் மூன்று. ஒரு வருடம் எங்கள் பள்ளியில் ஜூலை கடைசி வாரம் 60 பிள்ளைகள் இருந்தார்கள். மூன்றாவது டீச்சரை ‘உபரி’ என்று வேறு பள்ளிக்குத் தூக்கிவிடுவார்கள். ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்க வேண்டும். நானும் அந்த டீச்சரும் வெயிலில் வீடு வீடாகப் போனோம்.

கடைசித் தெருவில் ஒரு திண்ணை. ஓர் அம்மா மடியில் சுளகு வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இலையை நறுக்கி, தூளை வைத்து, உருட்டி, நூலைக் கட்டி, நுனியை மடக்கிப் போடுவதற்குள் நான் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் முடித்திருக்க மாட்டேன். கை நிற்கவே இல்லை. பக்கத்தில் ஏழு வயசுப் பெண்பிள்ளை, இடுப்பில் இரண்டரை வயசுத் தம்பி. எந்தப் பள்ளியிலும் பெயர் இல்லை.

“டீச்சர், இவ வந்துட்டா சின்னவன யாரு பாப்பா? நான் ஆயிரம் சுத்தணும்லா” என்றாள் அந்த அம்மா.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. எங்கள் பள்ளிக்கு அடுத்த கட்டடம் பால்வாடி. “ரெண்டு பேரையும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன், நானே கொண்டு விடுறேன்” என்றேன். அப்படித்தான் ஆறு மாதம் செய்தேன், அப்புறம் அவளே தம்பியைக் கைபிடித்துக் கூட்டி வந்தாள். அந்தப் பிள்ளைதான் 61. பணியிடத்தைக் காப்பாற்றத்தான் அவளைத் தேடிப் போனேன், இது உண்மை. ஆனால் எண்ணிக்கைக்குப் பயந்தாவது நாங்கள் அந்தத் திண்ணைக்குப் போனோம். எண்ணிக்கை போதும் என்று இருந்திருந்தால் போயிருக்க மாட்டோம். அன்றிலிருந்து ஆகஸ்ட் முடிந்த பிறகும் அந்தத் தெருக்களுக்குப் போவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

14 பிள்ளை என்பது முடிவு இல்லை. உங்கள் ஊரில் பள்ளி வயசுப் பிள்ளைகள் எத்தனை என்று நீங்களே ஒரு நோட்டில் எழுதுங்கள். இப்போது அழைத்துப் போக ஒரு நல்ல காரணமும் இருக்கிறது. காலைச் சாப்பாடு அரசுப் பள்ளிகளுக்கு வந்தபோது எங்கள் பிள்ளைகளுக்கு வரவில்லை. இரண்டு தெரு தள்ளி அரசுப் பள்ளியில் எட்டு மணிக்குத் தட்டுச் சத்தம் கேட்கும். எங்கள் பிள்ளைகள் அந்தப் பக்கம் பார்த்தபடியே வருவார்கள். ஒரு வருடம் முழுக்க அதைப் பார்த்தேன். 2024 மே மாதம் நான் ஓய்வு பெற்றேன். ஜூலை 15-ஆம் தேதி கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. நகரத்துப் பள்ளிகளுக்கு அடுத்த வருடம் ஆகஸ்ட் 26-இல்.

எங்கள் பள்ளிக்கு வந்த அந்த முதல் நாள், ஒரு திங்கட்கிழமை, காலையிலேயே போய் வராந்தாவில் நின்றேன். சேமியா உப்புமாவும் சாம்பாரும். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“டீச்சர், நாளைக்கும் உண்டா?”

உண்டு என்றேன்.